எல்லா லிங்க்கும் எங்கேயோ போகிறது

மங்கலம் ரோட்டில் இருந்த கொங்குமலர் நிட்வேரில் அந்த மே மாதம் ரோஸ்மேரிக்குக் கிடைத்தது கேட்பதற்கு மிகவும் சுலபமான வேலை. ஜெர்மனியில் நடக்கப்போகும் குழந்தைகள் உடைக் கண்காட்சியின் வெப்சைட்டைத் திறக்க வேண்டும். அதில் கடை போடுகிற கம்பெனிகளின் பெயர்கள் ஆங்கில அகரவரிசைப்படி பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு பெயரைச் சொடுக்கினால் அந்தக் கம்பெனியைப் பற்றிய பக்கம் வரும். அதற்குள் எங்கேயாவது ஒரு மூலையில் அவர்களுடைய சொந்த வெப்சைட்டுக்கு லிங்க் இருக்கும். அதைக் காப்பி செய்து எக்ஸெலில் ஒட்ட வேண்டும். பிறகு பழைய பக்கத்துக்கு வந்து அடுத்த பெயர். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மதியம் அவள் ‘பி’ எழுத்தைத் தாண்டவில்லை. ஆள்காட்டி விரல் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து சோற்றையும் இரண்டு தடவை அமுக்கினாள்.

“ஏட்டி, சோத்த என்ன பண்ணுத?” என்றாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா விஜயராணி.

“டபுள் கிளிக் பண்ணுதேன். வேற ஒண்ணும் வரமாட்டேங்கு.”

விஜயராணிக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியன்களை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து ஓட்டை, கறை, தையல் பிசகு பார்ப்பாள். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர்கள். ரோஸ்மேரி தபால் வழியில் பி.சி.ஏ. முடித்துவிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி தனபாலுக்குக் குன்னத்தூரில் கடலைக்காடு. திருப்பூரில் இந்தக் கம்பெனி. பெரிய எக்ஸ்போர்ட்டர்கள் கொடுக்கிற ஆர்டரை வாங்கித் தைத்துக் கொடுப்பார். அவர் கம்பெனியில் தைத்த பனியன்கள் பாரிஸ் போயிருந்தன, மிலான் போயிருந்தன. ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் வேறு யாருடைய பெயரோ இருக்கும். தன் பெயர் போட்ட ஒரு பெட்டி கப்பல் ஏற வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் ஜூலையில் ஜெர்மனிக்கு டிக்கெட் எடுத்திருந்தார்.

“அங்க போய் நின்னுக்கிட்டு நான் தனபாலுங்கன்னா எவனுக்குத் தெரியும்?” என்றார் ரோஸ்மேரியிடம். “போறதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் மெயில் போட்டுரோணும் அம்மிணி. ஒருத்தன உடாம.”

மூன்றாம் நாள் அவருடைய மகள் கீர்த்தனா ஆபீசுக்கு வந்தாள். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் கடைசி பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவளை அப்பா விரட்டி அனுப்பியிருந்தார். ரோஸ்மேரிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, இதையெல்லாம் கையிலயா பண்றீங்க?”

“பின்ன, கால்லயா பண்ணுவாங்க?”

கீர்த்தனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எங்க காலேஜ்ல பெர்ல்னு ஒரு லேங்வேஜ் இருந்துச்சுங்க்கா. லேப்ல ஒரு தடவைதான் தொட்டேன். ஆனா அதுல ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டா, பக்கத்தத் தொறக்கறது, லிங்க்க எடுக்கறது எல்லாம் அதே பாத்துக்கும். புக் ஊட்டுல இருக்குது.”

“அப்ப எனக்கு இங்க என்ன சோலி?”

“எழுதறது நம்ம ரண்டு பேரும்தானுங்க்கா!”

புத்தகம் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. பெர்லை இறக்கி நிறுவ சாயங்காலம் ஆனது. மறுநாள் காலையில் கண்காட்சிப் பக்கத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைச் சொடுக்கி ‘வியூ சோர்ஸ்’ என்பதைத் திறந்தார்கள். படங்களும் வண்ணங்களும் மறைந்து, வெறும் எழுத்தாக ஒரு காடு வந்தது. ரோஸ்மேரி மலைத்தாள். பிறகு பனியனை உட்புறம் திருப்பிப் பார்க்கிற அம்மாவைப்போல மெல்ல மெல்லப் பார்த்தாள். ஒவ்வொரு லிங்க்குக்கும் முன்னால் ‘ஹெச்ரெஃப்’ என்று ஒரே மாதிரி ஒரு சொல் இருந்தது. அதன்பின் சமக்குறி, மேற்கோள்குறி, அப்புறம் முகவரி, மறுபடியும் மேற்கோள்குறி.

“எல்லாமே ஒரே மாதிரில்லா இருக்கு!” என்றாள்.

“அதேதானுங்க்கா. ஹெச்ரெஃப் வந்தா, மேற்கோள்குறிக்கும் மேற்கோள்குறிக்கும் நடுவுல என்ன இருந்தாலும் எடுத்துக்கோன்னு சொன்னாப் போதும்.”

கீர்த்தனா புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ரோஸ்மேரி தட்டினாள். ‘என்ன இருந்தாலும்’ என்பதற்குப் பெர்லில் ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும். ஓட்டினார்கள். திரையில் ஒரே ஒரு லிங்க் வந்தது. ஆனால் அது முடியவே இல்லை. கீழே, கீழே, இன்னும் கீழே ஓடியது. அந்தப் பக்கத்தை எழுதிய புண்ணியவான் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதியிருந்தார். இவர்களுடைய ஸ்கிரிப்ட் முதல் மேற்கோள்குறியில் வாயைத் திறந்து, கடைசி மேற்கோள்குறியில்தான் மூடியிருந்தது. நடுவில் இருந்த மொத்தக் கண்காட்சியையும் விழுங்கிவிட்டது.

கீர்த்தனா புத்தகத்தைப் புரட்டினாள். திடீரென்று மேஜையைத் தட்டினாள். “அக்கா, இந்தப் புள்ளி நட்சத்திரத்துக்குப் பேராசையாம்! புக்குலயே ‘கிரீடி’ன்னு போட்டிருக்கான். எவ்வளவு கெடைக்குமோ அவ்வளவையும் முழுங்குமாமா.”

“அதுக்கு என்ன மருந்து?”

“ஒரு கேள்விக்குறி.”

“கேள்விக்குறியா?”

“நட்சத்திரத்துக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி போட்டுட்டா, முதல்ல வர்ற மேற்கோள்குறியிலயே நின்னுக்கும்.”

ரோஸ்மேரி கேள்விக்குறியைப் போட்டாள். என்டரைத் தட்டினாள். லிங்க்குகள் தனித்தனி வரியாக மளமளவென்று இறங்கின. ஏ முழுக்க, பி முழுக்க. அவள் இரண்டு நாள் விரல் வலிக்க எடுத்த பி, ஒரு மூச்சு விடுவதற்குள் ஓடிப்போனது. சி, டி, ஈ. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூவினார்கள்.

கட்டிங் மாஸ்டர் கந்தப்பன் கையில் மரக்கட்டையோடு ஓடி வந்தார். “கரண்டு அடிச்சிருச்சுங்களா? வயரத் தொடாதீங்க! மெயின ஆஃப் பண்ணுங்க!”

“இல்லீங்கண்ணா, ஆஃப் பண்ணிடாதீங்க!” என்று கீர்த்தனா குறுக்கே பாய்ந்தாள். “லிங்க் வருதுங்கண்ணா!”

கந்தப்பன் திரையையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். “லிங்க்குங்களா,” என்று சொல்லிவிட்டு, மரக்கட்டையைக் கீழே போடாமலே திரும்பிப் போனார்.

அதில் பாதி லிங்க்குகள் அரைகுறையாக இருந்தன. வெப்சைட்டின் பெயரே இல்லாமல் கடைசித் துண்டு மட்டும். அதைத் திறக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் முழித்தது. ரோஸ்மேரிக்குப் பட்டென்று புரிந்தது. “மாரியம்மன் கோயிலுக்கு எதுத்த வீடுன்னு மட்டும் அட்ரஸ் போட்டா போஸ்ட்மேன் என்ன செய்வாரு? எந்த ஊரு மாரியம்மன்னு சொல்லணும்லா. இது உள்ளூர்க்காரனுக்கு எழுதுன அட்ரஸு. நாமதான் ஊர்ப்பேரு சேக்கணும்.”

ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்தார்கள். எல்லாம் திறந்தன.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ருசி அவர்களை விடவில்லை. லிங்க்கை எடுக்கத் தெரிந்த ஸ்கிரிப்ட், அந்த லிங்க்குக்குள்ளேயே போய் அங்கிருக்கும் மெயில் முகவரியையும் எடுத்து வந்தால் என்ன? மெயிலுக்கும் அதே ஹெச்ரெஃப்தானே? எழுதினார்கள். ஓட விட்டார்கள். டீ குடிக்கப் போனார்கள். டீக்கடைக்காரர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்ததால் அதையும் சாப்பிட்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது ஸ்கிரிப்ட் கண்காட்சியில் இல்லை. அது கண்காட்சியிலிருந்து ஒரு குழந்தை உடைக் கம்பெனிக்குப் போய், அந்தக் கம்பெனி முதலாளியின் மருமகன் பாடுகிற பாட்டுக்குழுவுக்குப் போய், பாட்டுக்குழு வருடாவருடம் பாடுகிற ஒரு மலைக்கிராமத்துக்குப் போய், அங்கே ஆட்டுப்பால் சீஸ் செய்கிற ஒருவரின் தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தது. எங்கே நிற்க வேண்டும் என்று இவர்கள் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

“பட்டாம்பூச்சி மியூசியம்!” என்றாள் கீர்த்தனா, திரையைப் பார்த்து.

“ஐயோ, இங்க பாரு, சர்ச் மணி அடிக்கிறவங்க சங்கம். மணி அடிக்கிறதுக்கு ஒரு சங்கமா?”

“அக்கா, மீசை வளக்கறவங்க கிளப்புங்க்கா!”

சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. நிறுத்த மனம் வரவில்லை. பக்கத்திலிருக்கும் சாமளாபுரத்தைத் தாண்டிப் போவதற்கே பஸ் நேரம் பார்க்கிற இரண்டு பேர், நாற்காலியை விட்டு எழாமல் ஊர் ஊராகப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு வழியாக நிறுத்தி, கண்காட்சிக் கம்பெனிகளின் முகவரிகளை மட்டும் பிரித்து ஒரு கோப்பில் வைத்தார்கள். மீதியை அழிக்க மனசில்லாமல் ‘எல்லாம்’ என்று பெயரிட்டு இன்னொரு கோப்பில் வைத்தார்கள். பிறகு சாப்பிடப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் தனபால் வந்தார். இரண்டு கோப்புகளையும் பார்த்தார். ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது. ஒருத்தனை விடாமல் என்று சொன்னது அவர்தானே. பெரியதைத் திறந்தார். தயாராக எழுதி வைத்திருந்த மெயிலை, தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதியதை, எல்லோருக்கும் தட்டிவிட்டார்.

“முடிச்சுப்போட்டனுங் கண்ணு!” என்றார், சாப்பிட்டுவிட்டு வந்த மகளிடம். “எத்தன பேரு! நெம்பப் பெருசா இருந்துச்சு!”

கீர்த்தனா ரோஸ்மேரியைப் பார்த்தாள். ரோஸ்மேரி திரையைப் பார்த்தாள். “சார்,” என்றாள் மெதுவாக, “மீசைக்காரங்களுக்குமா?”

பதில்கள் மறுநாளே வர ஆரம்பித்தன. முதலில் தனபால் துள்ளிக் குதித்தார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னார். பாட்டுக்குழு, தங்களுக்குக் கறுப்புக் கோட்டுதான் வழக்கம் என்று வருத்தம் தெரிவித்திருந்தது. மியூசியம், பட்டாம்பூச்சிகளுக்கு உடை தேவையில்லை என்று எழுதியிருந்தது; அது கிண்டலா இல்லையா என்று மூன்று பேருக்கும் புரியவில்லை. சிலர் கோபமாக, யாரைக் கேட்டு என் முகவரியை எடுத்தாய் என்று கேட்டிருந்தார்கள்.

தனபாலின் முகம் சுருங்கிவிட்டது. “அவங்க சொல்றது நாயந்தான். கதவத் தட்டாம ஊட்டுக்குள்ள போனாப்பல ஆயிப்போச்சு. எல்லாத்துகிட்டயும் மன்னிப்புக் கேட்டுரு கண்ணு.”

கீர்த்தனா உட்கார்ந்து மன்னிப்பு மெயில்களை எழுதினாள். சீஸ்காரர் மட்டும், பரவாயில்லை, உங்கள் ஊரில் ஆடு உண்டா என்று பதில் கேட்டிருந்தார். தனபால் அதற்குத் தானே உட்கார்ந்து நீளமாகப் பதில் எழுதினார். குன்னத்தூர் சந்தையைப் பற்றி நிறைய இருந்தது.

அந்தக் குவியலுக்கு நடுவில் டென்மார்க்கிலிருந்து ஒரு மெயில் இருந்தது. அதற்கடுத்தும் அதே மெயில். ரோஸ்மேரி, தவறுதலாக இரண்டு முறை வந்திருக்கிறது என்று ஒன்றை அழிக்கப் போனாள். கீழே கையெழுத்தைப் பார்த்துக் கையை எடுத்தாள். ஒன்றில் கிர்ஸ்டன். இன்னொன்றில் காரன்.

கிர்ஸ்டனும் காரனும் இரட்டைப் பிறவிகள். அவர்கள் ஊர் இரட்டையர் சங்கத்தை நடத்துகிறவர்கள். குழந்தை உடைக் கம்பெனி ஒன்று தன் பக்கத்தில் அந்தச் சங்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்க, ஸ்கிரிப்ட் அதன் வழியாக உள்ளே போயிருந்தது. தனபால் மெயிலில், சாயம் ஒரே சீராக இருக்கும் என்பதைச் சொல்ல நினைத்து, ‘எங்கள் ஒரு பீசுக்கும் இன்னொரு பீசுக்கும் பெற்ற தாயாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது’ என்று எழுதியிருந்தார். இத்தனை வருடமாக எங்களைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள், ஒரு பனியனைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறோம் என்று சகோதரிகள் எழுதியிருந்தார்கள். ஆகஸ்டில் கடற்கரையில் சங்கத்தின் கூட்டம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் வேண்டும். ஆனால் ஒரு ஜோடியைப்போல இன்னொரு ஜோடி இருக்கக் கூடாது. முடியுமா? முடிந்தால் யாருக்காவது போட்டுவிட்டு ஒரு போட்டோ அனுப்புங்கள்.

தனபால் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். “நம்ம லைன்ல முனீசும் ஜெயபாண்டியும் இருக்கறாங்கல்லோ?”

முனீசும் ஜெயபாண்டியும் பரமக்குடிப் பக்கத்துக்காரர்கள், ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். ஒருவன் ஓவர்லாக் மெஷினில், இன்னொருவன் ஃபிளாட்லாக் மெஷினில் தைப்பவன். மெஷினை விட்டு எழுந்துவிட்டால் யார் யாரென்று சூப்பர்வைசருக்கே தெரியாது. மஞ்சள் உடம்பும் பச்சைக் கையும் வைத்து இரண்டு சாம்பிள் தைத்து, அவர்களுக்கு மாட்டி, வேப்பமரத்தடியில் நிற்க வைத்தார்கள்.

“நாந்தாண்ணே மூத்தவன், நாந்தான் வலது பக்கம் நிப்பேன்,” என்றான் முனீஸ்.

“அஞ்சு நிமிசம் முன்னாடி வந்துட்டு என்னா அலப்பற பண்றான் பாருங்கண்ணே!” என்றான் ஜெயபாண்டி.

மொத்தக் கம்பெனியும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து சிரித்தது. விஜயராணி இருவரின் பனியனையும் இழுத்துவிட்டு, தோளில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எறிந்தாள். கீர்த்தனா படம் எடுத்தாள்.

டென்மார்க்கிலிருந்து வந்த பதிலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. உடை அழகாக இருக்கிறது. ஆனால் ஒரே ஆளை இரண்டு தடவை ஒட்டி எங்களை ஏமாற்ற வேண்டாம், கம்ப்யூட்டர் தந்திரம் எங்களுக்கும் தெரியும்.

முனீசுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னது, இவன் என்னைய வச்சு ஒட்டுனவனா?”

“ஏன், நீதான் என்னைய வச்சு ஒட்டுனவன்!”

“அப்படியே சண்ட போடுங்க!” என்று கத்தினாள் ரோஸ்மேரி. “நிறுத்தாதீங்க! கீர்த்தனா, எடு!”

முனீஸ் தம்பியைத் தூக்கித் தோளில் போட்டான். ஜெயபாண்டி அண்ணன் காதைப் பிடித்துத் திருகினான். பின்னால் கந்தப்பன் விலக்கிவிட ஓடி வருவதும் படத்தில் விழுந்தது. அதை அனுப்பினார்கள். சாயங்காலமே இரண்டு மெயில்கள் வந்தன. இரண்டிலும் ஒரே வாசகம்: இதுதான் உண்மையான இரட்டையர், ஆர்டர் உங்களுக்குத்தான்.

அதன்பிறகு ஜூன் மாதம் முழுக்கக் கம்பெனிக்கு இரட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. எந்த நிறத்தில் உடம்பு, எந்த நிறத்தில் கை, எந்த நிறத்தில் கழுத்துப்பட்டி என்று, ஒருமுறை வந்த சேர்க்கை மறுமுறை வராதபடி கலக்கிக் கொடுக்க ரோஸ்மேரி பெர்லில் ஒரு புது ஸ்கிரிப்டைத் தனியாகவே எழுதினாள். முதல் ஓட்டத்திலேயே அது சரியாக வந்தது. கத்துவதற்குப் பக்கத்தில் கீர்த்தனா இல்லை. அவள் வங்கிக்குப் போயிருந்தாள். ரோஸ்மேரி எழுந்து செக்கிங் செக்‌ஷனுக்கு ஓடி, அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடி வந்தாள். விஜயராணி கன்னத்தைத் தடவிக்கொண்டு, “கூறுகெட்ட கழுத,” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம், பெருமையாக.

கடைசி நேரத்தில் ஒரே ஒரு சிக்கல். சங்கத்தில் எண்பதைத் தாண்டிய இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். பிறந்ததிலிருந்து ஒரே மாதிரி உடுத்தி உடுத்திச் சலித்துப்போனவர்கள். எங்களுக்கு ஒரே மாதிரி வேண்டவே வேண்டாம், ஆனால் கூட்டத்துக்கு வருவோம் என்று அடம்பிடித்தார்கள்.

“ஒருத்தருக்கு நீலத்துல ஒடம்பு, செவப்புல கை,” என்றார் தனபால் யோசித்து. “இன்னொருத்தருக்கு செவப்புல ஒடம்பு, நீலத்துல கை. வேற வேறயும் ஆச்சு, ஜோடியும் ஆச்சு. எப்புடி?”

“சூப்பருங்கப்பா!” என்று கீர்த்தனா கை தட்டினாள்.

ஜூலை முதல் வாரம் பெட்டிகள் கிளம்பின. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் கொங்குமலர் நிட்வேர், திருப்பூர். லாரியில் ஏற்றுவதற்கு முன் தனபால் அந்த எழுத்தைக் கையால் தடவினார். மை காயாமல் உள்ளங்கை முழுக்க ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவாமல் அன்றைக்கெல்லாம் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். பிறகு அவர் ஜெர்மனிக்குப் போனார்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது. ரோஸ்மேரி ஸ்பீக்கரைப் போட்டாள். பின்னால் பெரிய இரைச்சல்.

“அம்மிணி! கண்ணு இருக்குதா பக்கத்துல? இங்க பாருங்க, அந்த ரண்டு அம்மாவும் டென்மார்க்ல இருந்து ரயிலேறி வந்துருக்காங்க! கூரியர்ல முன்னாடியே அனுப்புனமல்லோ, நம்ம அந்த டி-ஷர்ட்டையே போட்டுக்கிட்டு! ஒருத்தரு எனக்கு இந்தப் பக்கம், ஒருத்தரு அந்தப் பக்கம் நிக்கறாங்க. எனக்கு யாரு கிர்ஸ்டன்னே தெரீல. ரண்டு பேரையும் மேடம் மேடம்னு சொல்லிட்டிருக்கறேன்!”

“கூட்டம் கூடிருச்சுங்களாப்பா?” என்று கீர்த்தனா கத்தினாள்.

“கூடாம என்ன! போறவன் வர்றவனெல்லாம் நின்னு போட்டோ எடுக்கறான். ஒரு கம்பெனிக்காரரு வந்து, நீங்க எந்த ஸ்டாலுன்னு கேக்கறாரு. எனக்கு ஸ்டாலே இல்ல, சும்மா பாக்க வந்தவனுங்கன்னு சொன்னேன். இப்ப அவரு ஸ்டாலுக்குள்ள உக்கார வெச்சு காப்பி குடுத்திருக்கறாங்க.”

ரோஸ்மேரியும் கீர்த்தனாவும் போனின் இரு பக்கமும் முகத்தை ஒட்டிக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பக்கத்தில் யாரோ இரண்டு பெண்கள் ஒரே குரலில் ஏதோ சொல்வது கேட்டது. தனபால் தன் ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் இரண்டு தடவை பதில் சொன்னார்.

“அம்மிணி, இவங்களுக்குத் தெரிஞ்ச இன்னொரு சங்கம் இருக்குதாமா. ஒரே பிரசவத்துல மூணு பொறந்தவங்க சங்கம். மூணு மூணாத் தைப்பீங்களான்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்லட்டும்?”

ரோஸ்மேரி வாசலை எட்டிப் பார்த்தாள். முனீசும் ஜெயபாண்டியும் டீ குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“சரின்னு சொல்லுங்க சார்,” என்றாள். “ஆனா போட்டோ மட்டும் கேக்க வேண்டாம்னு சொல்லிருங்க. நம்மகிட்ட ரெண்டுதான் இருக்கு.”